துவைகல்லில் நீ வைத்துப் போன பருத்தி

மகனே,

நீ செய்தது தவறு. அதை முதலில் எழுதிவிடுகிறேன், சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், நான் காளை பிடிக்கப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நம் நடுவீட்டுக் கூரைக் கண்ணாடிக்குக் கீழே நான் என் கையால் செய்து வைத்திருந்த பலகைக் கூண்டை நீ பிரித்துப் போட்டாய். பலகைகளைச் சுவரோரம் சாய்த்து வைத்தாய். அவற்றுக்குப் பின்னால் நான் அடைத்திருந்த பருத்தியை எல்லாம் பிடுங்கிச் சாக்கில் திணித்து, கிணற்றடித் துவைகல்லின் மேல் கொண்டுபோய் வைத்தாய். எனக்கென்று ஒரு வார்த்தை விட்டுவைக்காமல் சாயங்கால பஸ்ஸில் கோயமுத்தூருக்குப் போய்விட்டாய். நான் காளைகளோடு வந்து சேர்ந்தபோது வீட்டுக்குள் ஒரு பொத்தலும் வெளியே ஒரு சாக்கும்தான் எனக்காகக் காத்திருந்தன.

மாசி பிறந்துவிட்டது. இத்தனை நாளும் நான் ஏன் எழுதவில்லை என்று நீ யோசித்திருப்பாய். கோபம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, அது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் எனக்குக் குழப்பம் வந்துவிட்டது. நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. கடைப் பலகைகளையும், பருத்திப் பொதிகளின் மேல் மையால் எழுதியிருப்பதையும் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றவன். கொத்து வேலை, தச்சு வேலை எல்லாம் அதே மாதிரி பார்த்துக் கற்றதுதான். எதையும் ஆரம்பத்திலிருந்து வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு விளங்கிவிடும். அதனால் எழுதுகிறேன். உன் அறையில் கூடத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் நீ இதைப் படித்துக் காட்டலாம். மறைத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

கூரையில் கண்ணாடி வைக்கும் எண்ணம் எனக்கு எங்கே வந்தது என்பது உனக்குத் தெரியும், நீதான் பக்கத்தில் நின்றாய். நம் கிணறு வற்றிய வருஷம் உன்னை மில்லில் சேர்க்க அழைத்துப் போனேன். உள்ளே விட்டதும் நான் மானேஜரைப் பார்க்கவில்லை, இயந்திரங்களைப் பார்க்கவில்லை, அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். ரம்பத்தின் பல் மாதிரி மடிந்து மடிந்து போகிற கூரை. ஒவ்வொரு பல்லிலும் வடக்கே பார்த்த கண்ணாடி. அத்தனை பெரிய கூடத்தில் ஒரு விளக்கு எரியவில்லை, ஆனாலும் நூல் அறுந்தால் நின்ற இடத்திலிருந்தே தெரிகிறது. வாட்சுமேன் பின்னாலேயே வந்து, "ஏனுங் பெரியவரே, வேலை உங்களுக்குங்களா, பையனுக்குங்களா? வந்ததுலருந்து மோட்டையே பாத்துட்டு நிக்கறீங்க" என்றான். நீ தலையைக் குனிந்துகொண்டாய். எனக்கு வெட்கமாக இல்லை. உன் அம்மா பட்டப்பகலில் சிம்னி விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு நடுவீட்டில் அரிசியில் கல் பொறுக்குவதுதான் என் நினைவில் இருந்தது. திருட்டுக்குப் பயந்து ஜன்னலே வைக்காமல் கட்டிய அறை அது. கட்டியவன் நான், இருட்டில் உட்கார்ந்தவள் அவள். நாளைக்கு நீயும் ஒரு வீடு கட்டுவாய். மேஸ்திரி சொல்வதையும் கேள், தச்சன் சொல்வதையும் கேள். ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே பொழுதெல்லாம் உட்காரப் போகிறவளை முதலில் கேட்டுக்கொள்.

கண்ணாடி வாங்கியது கோயமுத்தூர்க் கோட்டைமேட்டில் ராவுத்தர் கடையில். வடக்குச் சரிவில் வைக்கப் போகிறேன் என்றதும் அவருக்கு ஒரே ஆச்சரியம். "அதெல்லாம் சரிங்க கவுண்டரே, கண்ணாடியச் சுத்தி எதய வெச்சு அடைப்பீங்க?" என்று கேட்டார். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு என்றேன். "அது கல்லப் புடிக்குமுங்க, கண்ணாடியப் புடிக்காது. வெயிலுக்கு விட்டுப்போடும். ஆளி எண்ணெய்ல பெசஞ்ச மக்கு ஒரு டப்பா எடுத்துக்குங்க" என்றார். கண்ணாடி வாங்க வந்தவன் தலையில் டப்பாவையும் கட்டப் பார்க்கிறீர்களா என்று நான் கேட்டதற்கு, "டப்பா வாண்டாம்னு போறவங்க மறுக்கா கண்ணாடி வாங்க வருவாங்க. எனக்கு ரெண்டும் யாவாரந்தானுங்க" என்று சிரித்தார். நான் டப்பா வாங்கவில்லை. நம் கிணற்றுச் சுவரை இத்தனை காலம் தாங்கி நிற்கிற சுண்ணாம்பை நம்பாமல் டப்பாவில் வருவதை நம்பச் சொன்னால் யார் நம்புவார்கள்?

கண்ணாடி வைத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை என்பது வைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நம் வீட்டில் மேலே சீமை ஓடு, அதற்குக் கீழே பலகை மச்சு. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு இருட்டு வெளி. கண்ணாடி வழியாக இறங்கிய வெளிச்சமெல்லாம் அந்த இருட்டிலேயே சிதறிப்போனது. அதற்காகத்தான் கண்ணாடியிலிருந்து மச்சு வரைக்கும் நாலு பக்கமும் மாம்பலகை அடித்து, மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும், புனலைக் கவிழ்த்த மாதிரி ஒரு கூண்டு செய்தேன். உள்பக்கம் முழுக்க வெள்ளையடித்தேன். வைகாசியில் வேலை முடிந்த அன்று உச்சிப் பொழுதில் உன் அம்மாவைக் கூப்பிட்டு அதற்குக் கீழே உட்காரவைத்தேன். அவள் மேலே பார்க்கவில்லை. கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏனுங்க, என்ற கையில இத்தன கோடு இருக்குதுங்களா?" என்றாள். அன்றிலிருந்து அரிசி புடைப்பது, அவரை உரிப்பது, மத்தியானம் பாயைப் போட்டுப் படுப்பது எல்லாம் அந்த வெளிச்சத்துக்கு நேர் கீழேதான். இதை நீ மனதில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கிறது.

ஆனியில் பாலக்காட்டுக் காற்று புறப்பட்டது. வருஷா வருஷம் வருகிற காற்றுதான், ஆனால் கூண்டு இருக்கும் வீட்டில் அது முதல் வருஷம். ஓட்டுச் சந்துகளில் புகுந்து பலகைகளுக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி, சங்கு ஊதுகிற மாதிரி ஊதியது. எனக்குப் பொறுக்கவில்லை. நான் செய்த வேலை நாளெல்லாம் ஊளையிட்டால் வந்து போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? விலை போகாத கறைப் பருத்தி குதிருக்குப் பக்கத்தில் கிடந்தது. அதைக் கொண்டுபோய்ப் பலகைக்குப் பின்னால் இறுக்கி அடைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு வந்திருந்த நீ கீழே நின்று, "ஏனுங்கப்பா, வெதையோடயே வெச்சு அடைக்கறீங்களே, மொளச்சுப் போடாதுங்களா?" என்று கேட்டாய். நான் போட்ட கூரைக்குள் எந்த மழையடா வரும் என்று கேட்டேன். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். ஊளை நின்றுவிட்டது. பருத்தி விளைகிற ஊரில் பிறந்தவன் சந்துகளை அடைக்கப் பருத்தியைத்தான் எடுப்பான், இதில் என்ன தப்பு என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு உன் அம்மாவுக்கு இருமல் வந்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வறட்டு இருமல். மத்தியானம் படுத்து எழுந்தால் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். வைத்தியர் ஆடாதோடை கொடுத்தார், அதற்கும் கேட்கவில்லை. நீயோ இயந்திரம் பழுது பார்க்கிற பிட்டர் வேலையில், பொதி உடைத்துப் பஞ்சை உதறுகிற ப்ளோ ரூமில் நிற்பவன். சனிக்கிழமை வந்தால் உன் முடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். எனக்கு அது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. வாசலைத் தாண்டுவதற்கு முன்னால் கிணற்றடியில் குளித்துவிட்டு, மில் துணியை வேலியில் போட்டுவிட்டு வா என்று உனக்குச் சொன்னேன். கார்த்திகைப் பனியில் நீ தண்ணீர் இறைத்து ஊற்றிக் குளித்தாய். "பச்சத் தண்ணியிலயாங்க, பையன் நடுங்கறானுங்க" என்றாள் அவள், இருமலுக்கு நடுவே. நீ குளித்தாய், இருமல் நிற்கவில்லை. அப்போதே நான் வேறு பக்கம் பார்த்திருக்கலாம் என்று நீ சொல்வாய். பார்த்தேன். உன்னை இன்னும் நன்றாகத் தேய்த்துக் குளிக்கச் சொன்னேன்.

கார்த்திகைக் கடைசியில் பெருந்துறையிலிருந்து, உனக்குப் பேசியிருந்த பெண்ணின் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வந்தார்கள். பெண்ணின் தகப்பனார் நடுவீட்டில் உட்கார்ந்து மேலே பார்த்து, "நல்ல ரோசனைங்க, வெளக்கே வேண்டியதில்ல" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து உன் அம்மா உள்ளே போய் இரும ஆரம்பித்தாள். நிற்கவே இல்லை. பெண்ணின் தாயார் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "அம்மிணிக்கு ரொம்ப நாளா இருக்குதுங்களா?" என்று மெல்லக் கேட்டார். அவர் மனதில் என்ன ஓடியது என்பது எனக்குத் தெரியாதா? க்ஷயம் இருக்கிற வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள்? அந்தச் சொல் அங்கே வந்துவிடக் கூடாதென்று நான் முந்திக்கொண்டேன். "வியாதி ஒண்ணுமில்லீங்க. பையன் மில்லுலருந்து கொண்டாற பஞ்சுத் தூசிங்க. துணியெல்லாம் அதுதான். ஊட்டுக்குள்ள உதறிப்போடறான்" என்றேன். நீ கதவோரம் நின்றிருந்தாய். பெண்ணின் தகப்பனார் உன்னை ஒரு தடவை பார்த்தார், உன் தலையைப் பார்த்தார். "அப்படீங்களா. அப்ப நாளைக்கு எங்க புள்ளயும் அந்தத் துணியத்தானுங்களே தொவைக்கோணும்" என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். வைகாசியில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்று வண்டியை விட்டு இறங்கும்போது சொன்னவர்கள், ஏறும்போது அதைப் பற்றிப் பேசவில்லை. தை முழுக்கப் போய்விட்டது. ஒரு செய்தியும் இல்லை.

மார்கழி முழுக்க நீ ஊருக்கு வரவில்லை. பொங்கலுக்கு வந்தாய், கிணற்றடியில் குளித்துவிட்டு உள்ளே வந்தாய், என்னோடு காளைகளைப் பற்றி மட்டும் பேசினாய். நான் பொள்ளாச்சிக்குப் புறப்பட்டேன். பிறகு நடந்ததை உன் அம்மாவிடமிருந்து நான் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்க முடிந்தது. மத்தியானம் அவள் கண்ணாடிக்குக் கீழே படுத்திருந்தாளாம். இருமினாளாம். நீ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாயாம். "அம்மா, இது மில்லு இருமலு. ப்ளோ ரூமுல நாள் பூரா இதத்தான் கேக்கறேன். நான் ஒரு மாசமா ஊட்டுப் பக்கமே வரல. அப்பறம் மில்லு எங்கருந்து வந்துச்சு?" என்றாயாம். சொல்லிக்கொண்டே மேலே பார்த்தாயாம். பிறகு ஏணியை எடுத்து வந்தாயாம்.

சரி. பார்த்தாய், கண்டுபிடித்தாய். நான் மறுநாளோ அதற்கு மறுநாளோ வந்துவிடுவேன். அதுவரை காத்திருந்து, "அப்பா, இங்க பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? மற்றவன் கட்டியதைப் பிரிப்பதாக இருந்தால் அவன் கண் முன்னால் பிரிக்க வேண்டும். நான் திட்டியிருப்பேன், ஏணியைப் பிடுங்கியிருப்பேன், உண்மைதான். அதற்காகச் சொல்லாமல் செய்துவிடுவதா? இதில் நான் இறங்கி வரப்போவதில்லை. கல்யாணம் ஆகப்போகிறவன் நீ. ஒன்று பிடிக்கவில்லை என்றால் வாய் திறந்து சொல். உன் மௌனத்துக்கு அர்த்தம் கண்டுபிடிக்கிற வேலையை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிடாதே. எனக்குக் கொடுத்தாய், நான் ஒரு மாதமாக அதையே செய்துகொண்டிருக்கிறேன். சாக்கை ஏன் அந்தக் கல்லின் மேல் வைத்தாய்? களத்தில் வைத்திருக்கலாம், குப்பைமேட்டில் கொட்டியிருக்கலாம். குளித்துவிட்டு உள்ளே வா என்று அந்தப் பருத்திக்கும் சொல்லச் சொன்னாயா? என்னைக் குத்திக் காட்டவா? இல்லை, கைக்கு எட்டிய இடத்தில் வைத்துவிட்டுப் போனதுதானா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

சாக்கை அவிழ்த்துப் பார்த்தேன். பருத்தி சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக இருந்தது. கருப்பும் பச்சையுமாய்ப் பூசணம். நடுநடுவே விதைகள் வெடித்து, வெளிறிப்போன முளைகள் வெளிச்சம் தேடி வளைந்து காய்ந்திருந்தன. நீ ஆனியில் கேட்டது ஞாபகம் வந்தது. ஆனால் ஒன்று நடந்தது என்பதாலேயே அதுதான் காரணம் என்று நான் ஒத்துக்கொள்கிறவன் அல்ல. சாக்கை மாட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பிடி பருத்தியைத் தரையில் போட்டுத் தடியால் அடித்துப் பார்த்தேன். புகை மாதிரி எழும்பியது. சற்று நேரத்தில் எனக்கும் அதே இருமல், அதே வறட்டு இருமல், நிறுத்த முடியவில்லை. உன் அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "ஏனுங்க, பருத்தியப் போட்டு எதுக்குங்க அடிக்கறீங்க? அது உங்கள என்னங்க பண்ணுச்சு?" என்றாள். தூசிக்குள் மூக்கை நீட்டினால் யாருக்கும்தான் இருமல் வரும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஆனால் அவள் அன்றைக்கு இருமவில்லை. முந்தின நாளும் இருமவில்லை. எப்போது நின்றது என்று கேட்டேன். "எனக்கென்னங்க தெரியும். நீங்க கட்டுனீங்க, அவன் பிரிச்சான். நடுவால நான் நல்லாத் தூங்கறேன்" என்றாள்.

மரம் நல்ல பொருள், சுண்ணாம்பு நல்ல பொருள், கண்ணாடி நல்ல பொருள், பருத்தி நமக்குச் சோறு போடுகிற பொருள். நாலு நல்லதை ஒன்றாகச் சேர்த்தால் கெட்டது எங்கிருந்து வருகிறது? பச்சை மாம்பலகை சுருங்கிச் சந்து விட்டிருக்கிறது, அது கண்ணுக்குத் தெரிகிறது. அந்தச் சந்து வழியாகத் தூசி இறங்கும், அதுவும் சரி. அதற்குக் கீழேதான் அவள் பாய். ஆனால் மழைத்தண்ணீர் எப்படி வந்தது என்று பார்க்கக் கூரைமேல் ஏறினேன். அங்கேதான் எனக்குக் குழப்பம் இரண்டு மடங்கானது. கண்ணாடியைச் சுற்றி நான் பூசிய சுண்ணாம்பைக் காணோம். அந்த இடத்தில் விரல் ரேகை பதியப் பதியப் புது மக்கு, மில் கூரைக் கண்ணாடிக்குப் பூசியதில் மிச்சம் உன் பையில் இருந்திருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காதபடி நீ சுற்றிலும் அடைத்திருக்கிறாய். மேலே இவ்வளவு சீராகச் செய்தவன் உள்ளே ஏன் பலகையைக் கூடத் திருப்பி மாட்டாமல் பொத்தலாக விட்டுவிட்டுப் போனான்? கீழே இறங்கி உன் அம்மாவிடம் கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நானும் கேட்டனுங்க. உள்வேல அப்பாவோடதும்மா, அதுல நான் கை வெக்கமாட்டன்னு சொன்னான்."

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவளைக் கோபித்தேன். நான் கேட்கவில்லையாம். நான் காளைகளைக் கட்டுத்தறியில் கட்டிவிட்டு, அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். என் வேலையை அழித்தவனும் நீ, என் வேலை என்று எனக்கு விட்டு வைத்தவனும் நீ. இரண்டையும் ஒரே நாளில் செய்தவனை என்ன சொல்லித் திட்டுவது? வரிசையாக எழுதினால் விளங்கிவிடும் என்று ஆரம்பித்தேன். எழுதிவிட்டேன். பாதிதான் விளங்குகிறது. மீதி விளங்கும் வரை வேலையை நிறுத்தி வைக்க முடியாது. குருவிகள் பொத்தல் வழியாக மச்சுக்குள் கூடு கட்ட ஆரம்பித்துவிட்டன. வைகாசிக்கு அதிக நாள் இல்லை.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். கூண்டை மறுபடி கட்ட வேண்டும், அதைச் செய்வது நான். மாம்பலகை வேண்டாம், பழைய வண்டியின் வேங்கைப் பலகை காய்ந்து கிடக்கிறது, அதை இழைத்துக்கொள்கிறேன். பலகைச் சந்துகளின் மேல் காடாத் துணியை இழுத்து ஆணியடித்து அதன் மேல் வெள்ளையடிக்க வேண்டும், ஒரு தூசி இறங்கக் கூடாது. துணி கொண்டு வருவது நீ, மில்லில் கிடைக்காததா? பலகைக்குப் பின்னால் எதை அடைப்பது என்று முடிவு செய்ய வேண்டியது உன் அம்மா. கேட்டுவிட்டேன். "ஒண்ணும் வெக்காதீங்க. காத்து ஊதுனா ஊதீட்டுப் போகுது. எனக்கு அது தொணையாத்தானுங்க இருந்துச்சு" என்கிறாள். என் காதுக்கு அது பிடிக்காது, ஆனாலும் அவள் சொன்னபடியே இருக்கட்டும். கண்ணாடியைச் சுற்றி வருஷா வருஷம் பார்த்து அடைக்க மக்கு வேண்டும். ராவுத்தர் கடைக்கு நானே போய் டப்பா வாங்குகிறேன். அவர் சிரிப்பார், அது அவர் செய்ய வேண்டியது.

சாக்கிலிருந்த பருத்தியைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். முளைவிட்ட விதையோடு ஒரு பிடி மட்டும் துண்டில் முடிந்து வைத்திருக்கிறேன். வருகிற புதன்கிழமை பெருந்துறைக்குப் போகிறேன். பெண்ணின் தகப்பனார் முன்னால் அந்த முடிச்சை அவிழ்த்து வைத்து, தூசி என் கூரையிலிருந்து வந்தது, என் மகன் துணியிலிருந்து வரவில்லை என்று சொல்ல வேண்டும். இதை வேறு யாரையும் அனுப்பிச் சொல்லவைக்க முடியாது. அங்கே நான் சொன்னேன், அங்கேயே நான்தான் மாற்றிச் சொல்ல வேண்டும். உன் அம்மாவும் கூட வருகிறாள், அவர்கள் வீட்டில் உட்கார்ந்து இருமாமல் ஒரு வேளை சாப்பிட வேண்டியது அவள் பொறுப்பு. பெண் கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் முடிவு செய்ய வேண்டியது.

நீ பங்குனி முதல் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். சொல்லாமல் செய்தாயே, அதற்கு என்னிடம் நேரில் ஒரு பதில் சொல்ல வேண்டும், அதை நான் விடப்போவதில்லை. நான் ஏணியில் நிற்பேன், பலகையைக் கீழிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியது நீ. சனிக்கிழமை வேலை விட்டதும் அப்படியே பஸ் ஏறு. கிணற்றடிப் பக்கம் போகாதே. மில் துணியோடு நேரே நடுவீட்டுக்குள் வா.